சும்மா இருக்கிறவ பின்னின ஸ்கார்ஃப்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு சூடான பதிவு. ஊசி, நூல்னு பார்த்ததும் "இது நமக்கில்ல, லேடீஸ் மேட்டர்"னு ஓடப்போற அண்ணாச்சிமாருங்க கொஞ்சம் நில்லுங்க. இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

போன வாரம் சாயங்காலம் தெரிஞ்சவங்க ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. மகன் கனடாவுக்குப் படிக்கப் போறானாம். காபி குடிச்சாச்சு, விசா கதை பேசியாச்சு, கிளம்புற நேரத்துல விஷயத்துக்கு வந்தாங்க.

"எக்கா, சும்மாதான இருக்கிய, எம்புள்ளைக்கு ஒரு ஸ்கார்ஃப் பின்னிக் குடுங்களேன். ஓரத்துல அந்தப் பூ மாதிரி வருமே, அது வச்சு. நூல் காசு தந்துருதேன்."

நூல் காசு தந்துருதேன். இந்த மூணு வார்த்தைய இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே "அதுக்கென்ன, பின்னிருவோம்"னுதான் சொல்லியிருக்கேன். குழந்தைத் தொப்பி, சாக்ஸ், தலையணை உறைக்கு லேஸ், டிவி மேல போடுற விரிப்பு (அந்த டிவியெல்லாம் போயி, சுவத்துல ஒட்டுற டிவி வந்ததும் விரிப்பு போட இடமில்லாமப் போச்சு, அது வேற சோகம்). எல்லாம் நூல் காசுக்குத்தான். அன்னைக்கு மட்டும் என்னமோ நாக்கு திரும்பிடுச்சு. "பின்னுற காசு?"ன்னு கேட்டுட்டேன்.

அவங்க முகம் போன போக்கை நீங்க பார்த்திருக்கணும். கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் கேட்டா மாதிரி.

சரி, அந்த "சும்மா"வைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். எனக்கு ரொம்ப நாளா அளக்கணும்னு ஆசை.

ஸ்கார்ஃப்தான் பின்னல் கத்துக்கிறவங்களுக்கு முதல் பாடம். அதைவிட எளிசு எதுவும் கிடையாது. கழுத்து வெட்டணும், கை வைக்கணும்னு எதுவும் இல்ல. ஒரு நீளச் செவ்வகம், அவ்வளவுதான். நீங்களே பின்னிப் பார்க்கலாம், சொல்றேன் கேளுங்க.

நூல்: டபுள் நிட்டிங் தடிமன்ல சுமார் 200 கிராம். கனடா, ஊட்டின்னா கம்பளி நூல். நம்ம ஊருக்குன்னா தயவுசெஞ்சு பருத்தி. முத்தையாபுரத்துல கம்பளி ஸ்கார்ஃப் போட்டுக்கிட்டு திருச்செந்தூர் ரோட்டுல நடந்தா, காய்ச்சலான்னு கேட்டு மாத்திரை வாங்கிக் குடுத்துருவாங்க.

ஊசி: 4 மில்லிமீட்டர் நிட்டிங் ஊசி ஒரு ஜோடி. ஓரத்துக்கு அதே அளவுல ஒரு குரோஷா ஊசி.

முதல்ல 43 கண்ணி ஏத்துங்க. அப்புறம் எல்லா வரிசையும் நிட், நிட், நிட்தான். பர்ல் பக்கமே போக வேண்டாம். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்னு போட்டா துணி வழவழன்னு அழகா வரும், ஆனா ரெண்டு பக்கமும் சுருட்டிக்கிட்டுக் குழாய் ஆயிரும். புதுசா கத்துக்கிற எல்லாரும் அதுல போய் விழுவாங்க, நானும் விழுந்தேன். எல்லாம் நிட்டாவே போட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளாது. ஒவ்வொரு வரிசையிலயும் முதல் கண்ணியப் பின்னாம, நூலை முன்னாடி வச்சு, அப்படியே அடுத்த ஊசிக்கு மாத்திட்டு நூலைப் பின்னாடி கொண்டுபோங்க. கரை ஒழுங்கா சடை மாதிரி வரும்.

150 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் கண்ணிய முடிச்சு இறக்குங்க. இறுக்கி முடிக்காதீங்க, அந்த முனை மட்டும் சுருங்கிப் போயிரும்.

இப்ப பூ ஓரம். ரெண்டு முனையிலயும் குரோஷா ஊசியால போடணும். முதல் கண்ணியில ஒரு சிங்கிள் குரோஷா. ரெண்டு கண்ணி விடுங்க. அடுத்த கண்ணி ஒண்ணுலயே அஞ்சு டபுள் குரோஷா. மறுபடி ரெண்டு விடுங்க. அடுத்ததுல ஒரு சிங்கிள். இதையே திருப்பித் திருப்பிப் போட்டா சிப்பி சிப்பியா வரும். ஆறு ஆறு கண்ணிக்கு ஒரு சிப்பி, கடைசியில முடிக்க ஒண்ணு. அதனாலதான் 43. ஒரு முனைக்கு சரியா ஏழு சிப்பி. (இது அமெரிக்கப் பேரு. இங்கிலாந்துப் புஸ்தகத்துல இதே டபுளை ட்ரெபிள்னு போட்டிருப்பான். தெரியாமப் போட்டு முழிக்காதீங்க.)

முத்துக் குளிச்ச ஊருக்குச் சிப்பி ஓரம். பொருத்தமாத்தான இருக்கு :-)

சொல்லி முடிக்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. பின்னி முடிக்க?

இந்த நூலுக்கும் ஊசிக்கும் 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 கண்ணி, 40 வரிசை வரும். 150 சென்டிமீட்டர்னா 600 வரிசை. வரிசைக்கு 43 கண்ணி. 600ஐ 43ஆல பெருக்குங்க. இருபத்தஞ்சாயிரத்து எண்ணூறு கண்ணி. நான் அடுப்பையும் பார்த்துக்கிட்டு நிமிஷத்துக்கு 20 கண்ணி போடுவேன். ஆக 1,290 நிமிஷம், அதாவது இருபத்தொன்றரை மணி நேரம். கண்ணி ஏத்துறது, இறக்குறது, ரெண்டு முனைக்கும் சிப்பி, நூல் நுனிகளை உள்ள இழுத்து மறைக்கிறது, அலசிப் பரத்திக் காயப்போடுறது, நடுவுல ஒரு கண்ணி நழுவி நாலு வரிசை பிரிச்சது, எல்லாம் சேர்த்தா 24 மணி நேரம். எட்டு மணி நேர வேலைன்னா முழுசா மூணு நாள்.

மூணு நாள் வேலைங்க. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, சும்மாதான இருக்கிய, மூணு நாளைக்கு ஒரு சுவரு கட்டிக் குடுங்க, செங்கல் காசு தந்துருதேன்"னு சொல்லிப் பாருங்களேன். கரண்டியால ஒண்ணு போட்டா நான் பொறுப்பில்ல.

இங்கதான் எல்லாரும் வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். ஒவ்வொண்ணா வருவோம்.

முதல் வாதம்: "உனக்குப் பிடிச்சுத்தான பின்னுற? பிடிச்சதைச் செய்யுறதுக்குக் காசா?"

பிடிச்சுத்தான் பின்னுறேன், ஒத்துக்கிறேன். சமையல் பிடிச்சுப் பண்ற சமையல்காரர் கல்யாணத்துக்குக் காய்கறிக் காசு மட்டும் வாங்கிட்டுப் போறாரா? பாட்டுப் பிடிச்சுப் பாடுறவரு கச்சேரிக்குப் பஸ் காசு மட்டும் வாங்குறாரா? வேலை பிடிச்சிருந்தா கூலி கிடையாதுன்னா, இந்த ஊர்ல வேலைய வெறுக்கிறவனுக்கு மட்டும்தான் சம்பளம் போடணும்.

"நீ பதிவு எழுதுறியே, அதுக்கு யாரு காசு தர்றா?"ன்னு ஒரு புத்திசாலி கேப்பாரு. நியாயம்தான். ஆனா நான் எப்ப எழுதணும், எதை எழுதணும், யாருக்கு எழுதணும்னு நான்தான முடிவு பண்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "சும்மாதான இருக்கிய, எம்புள்ளைக்கு 25,800 எழுத்துல ஒரு பதிவு, ஓரத்துல பூ வச்சு, புதன்கிழமைக்குள்ள"ன்னு கேட்டா நீங்க எழுதுவீங்களா? அதான் வித்தியாசம். நானாக் குடுத்தா அது பரிசு. அவங்களா அளவு சொல்லி, தேதி சொல்லிக் கேட்டா அது வேலை.

ரெண்டாவது வாதம்: "கடையில 150 ரூபாய்க்கே ஸ்கார்ஃப் கிடைக்குதே?"

தாராளமா வாங்குங்க. நான் தடுக்கல. நிட்டிங் மெஷின் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. 1589லயே இங்கிலாந்துல வில்லியம் லீங்கிறவரு காலுறை பின்னுற மெஷின் கண்டுபிடிச்சுட்டாரு. நம்ம திருப்பூர்ல ஓடுறதும் அந்த வம்சம்தான். மெஷின் ஸ்கார்ஃப் வேணும்னா மெஷின் விலை. ஆனா நீங்க கேக்குறது மெஷின் ஸ்கார்ஃப் இல்லையே. "அக்கா கையால பின்னது"ன்னு சொல்லிக்கிற மாதிரி வேணும், விலை மட்டும் மெஷின் விலையில வேணும்.

இன்னொண்ணு. நிட்டிங்குக்கு மெஷின் இருக்கு, நிஜக் குரோஷாவுக்குக் கிடையாது. மெஷின்ல வர்றது குரோஷா மாதிரி தெரியுற வேற பின்னல். அதனால கடையில ஒரு நிஜக் குரோஷா மேசை விரிப்பு அடிமாட்டு விலைக்குத் தொங்குச்சுன்னா, அதுல இருக்கிற ஒவ்வொரு கண்ணியும் ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு பொம்பளை கையால போட்டதுதான். விலை குறைஞ்சது மெஷினால இல்ல. அவ நேரத்துக்கு யாரும் கணக்குப் போடலைங்கிறதால.

கதை விடுறேன்னு நினைச்சா, மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர் 1982ல ஒரு புஸ்தகம் போட்டாங்க. நம்ம பக்கத்து ஆந்திராவுல, மேற்குக் கோதாவரிப் பக்கம் நரசாபூர்ல குரோஷா லேஸ் பின்னுற பெண்களைப் பத்தி. மிஷனரிங்க வழியா வந்த கைவேலை அது. பிற்பாடு வெளிநாட்டுக்கு ஏத்துமதி ஆகுற பெரிய வியாபாரம் ஆயிருச்சு. ஏத்துமதி பண்ற ஆம்பளைங்க முதலாளி ஆனாங்க. பின்னுற பெண்களுக்குக் கிடைச்சது வயல்ல கூலி வேலை பார்க்கிற பெண்களுக்குக் கிடைச்சதைவிடக் குறைவு. ஏன்னு கேட்டா, அவங்க தொழிலாளி இல்லியாம். வீட்டுல இருக்கிற பொம்பளைங்க, ஓய்வு நேரத்துல பின்னுறாங்களாம். உலகச் சந்தைக்குச் சரக்கு போகுது, பின்னுறவ மட்டும் "சும்மா" இருக்கா. மீஸ் சொன்னது இதுதான்: "இல்லத்தரசி"ங்கிற பட்டமே கூலியக் குறைக்கிற கருவி.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க.

கடற்கரைப் பக்கம் போனீங்கன்னா ஆம்பளைங்க வட்டமா உக்காந்து வலை பொத்துவாங்க பார்த்திருப்பீங்க. கையில ஒரு ஊசி, நைலான் நூல், கிழிஞ்ச இடத்துல கண்ணி கண்ணியாப் போட்டுக்கிட்டே போவாங்க. புது வலை இப்ப மெஷின்ல வருது, கிழிஞ்சதைப் பொத்துறது இன்னும் கைதான். நான் கிட்டப் போய் நின்னு பார்த்திருக்கேன். ஊசி, நூல், கண்ணி, அளவு, பொறுமை. நான் வீட்டுல செய்யுறதுதான். அவங்க செய்யுறதுக்குப் பேரு தொழில். அதுக்குக் கூலி உண்டு, யாரும் "நூல் காசு தந்துருதேன்"னு சொல்றதில்ல. நான் செஞ்சா பொழுதுபோக்கு. ஏன்? அவரு மணல்ல உக்காந்திருக்காரு, நான் வீட்டு நாற்காலியில உக்காந்திருக்கேன். வேற என்ன வித்தியாசம்னு யாராவது சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

ஐரோப்பாவுலயே ஒரு காலத்துல பின்னல் ஆம்பளைங்க தொழில்தான். நகரத்துக்கு நகரம் சங்கம் வச்சிருந்தாங்க. வருஷக்கணக்கா குருகிட்ட வேலை கத்துக்கிட்டு, திறமையக் காட்டப் பெருசா ஒண்ணு பின்னிக் காட்டினாத்தான் சங்கத்துல சேர்ப்பாங்க. காசு இருந்த வரைக்கும் ஆம்பளைத் தொழில். மெஷின் வந்து காசு போனதும் "பொம்பளைங்க சும்மா பின்னுவாங்க".

தூத்துக்குடிக்காரங்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கணுமா? 1908ல இதே ஊர்ல கோரல் மில்லுல வேலைநிறுத்தம் நடந்துச்சு. ஹார்வி கம்பெனியோட நூல் மில்லு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்ன நின்னாங்க. கூலிய ஏத்து, ஞாயித்துக்கிழமை லீவு குடு, வேலை நேரத்தைக் குறைன்னு கேட்டாங்க, சில நாள்லயே கம்பெனி இறங்கி வந்துச்சு. அந்த மார்ச் மாசமே வ.உ.சி.யைக் கைது பண்ணாங்க, அது தனிக்கதை. வருஷா வருஷம் சிலைக்கு மாலை போடுறோம், மீட்டிங் போடுறோம். நூல் நூத்தவனுக்குக் கூலி கேட்ட ஊரு இது. அந்த நூலை வாங்கிப் பின்னுறவளுக்கு மட்டும் நூல் காசு!

இன்னும் கொஞ்சம் தெக்கால போங்க. நாகர்கோவில்ல மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி அம்மா 1820கள்ல பெண் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்குடுத்தாங்க. அப்ப திருவிதாங்கூர்ல அடிமை முறை சட்டப்படியே இருந்த காலம், 1855லதான் ஒழிஞ்சது. லேஸ் பின்னின காசுல தங்களோட விடுதலைய விலைக்கு வாங்கின பெண்கள் உண்டு. திரும்பப் படிங்க: பின்னின காசுல விடுதலை. மேல சீலை போடுற உரிமைக்காக 1859 வரைக்கும் அடிபட்ட சமூகத்துப் பெண்கள் கையில முதன்முதலா சொந்தக் காசு வந்தது இந்த மாதிரி வேலையிலதான். அவங்களுக்கு "நூல் காசு" மட்டும் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த மார்த்தா அம்மாவோட மகதான் எலைசா. 1844ல கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இடையன்குடிக்கு வந்தாங்க, அங்கயும் பெண் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், லேஸ் வேலை எல்லாம் நடத்தினாங்க. கால்டுவெல் 1856ல எழுதின ஒப்பிலக்கணம் எல்லாருக்கும் தெரியும், 1968ல மெரினாவுல சிலையும் வச்சாச்சு. வைக்கட்டும், தமிழுக்குச் செஞ்சவரு. ஆனா இடையன்குடிப் பொண்ணுங்க கையில காசு புழங்க வச்ச எலைசா பேரு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அவங்களும் "சும்மா" இருந்தவங்கதான் போல.

சரி, இவ்வளவு நேரம் ஊரைத் திட்டினேன். இப்ப என்னைத் திட்டிக்கிற முறை. இந்தப் பதிவு எழுதினதே இதுக்குத்தான்.

எங்க ஏரியாவுல ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுக்காரர் தவறி வருஷமாச்சு. குரோஷா, நிட்டிங், எம்பிராய்டரி, அதுதான் அவங்க பிழைப்பு. பையன் பீஸ் அதுலதான். ஒருநாள் பேசிக்கிட்டு இருந்தப்ப சாதாரணமா சொன்னாங்க: "குழந்தை செட்டுக்கு எரநூறு கூடக் கேக்க முடியலம்மா. ஸ்பிக் நகர் பக்கம் ஒருத்தங்க நூல் காசுக்கே பின்னித் தர்றாங்களாமே, நீ என்ன கூலி கேக்கியன்னு திருப்பிக் கேக்காவ."

அந்த ஒருத்தங்க நான்தான்.

எனக்கு வீட்டுல சம்பளம் வருது. நான் நல்லவ பேரு வாங்கணும்னு இருபது வருஷமா சும்மா பின்னிக் குடுத்தேன். என் நல்ல மனசுக்கு விலை அந்த அக்கா குடுத்திருக்காங்க. பொழுதுபோக்குக்குப் பின்னுற நம்மள மாதிரி ஆளுங்கதான் பிழைப்புக்குப் பின்னுறவங்க கூலிய முதல்ல உடைக்கிறோம். வெளியில இருந்து எந்த வியாபாரியும் வர வேண்டாம். "அய்யோ இதுக்குப் போயி காசா, இருக்கட்டும்"னு நாம சொல்ற ஒவ்வொரு தடவையும், பக்கத்துத் தெருவுல ஒருத்தி "இதுக்குப் போயி காசா"ங்கிற கேள்விய வாங்கிக் கட்டிக்கிறா.

அதனால அன்னைக்கு வந்தவங்ககிட்ட மூணு வழி சொன்னேன்.

ஒண்ணு, மூணு நாள் கூலியும் நூல் காசும் குடுங்க, பின்னுறேன். ரெண்டு, அந்த அக்காகிட்ட குடுங்க, என்னைவிட நல்லாப் பின்னுவாங்க, அவங்க சொல்ற விலையில பேரம் பேசாதீங்க. மூணு, உங்க மகனை அனுப்புங்க, நாலு சாயங்காலம் உக்காந்தா நிட்டும் சிப்பி ஓரமும் நானே சும்மா கத்துக்குடுக்கிறேன். அவன் கழுத்துக்கு அவனே பின்னிக்கட்டும். கத்துக்குடுக்கிறதுக்குக் காசு வேண்டாம், ஏன்னா அது நானாக் குடுக்கிறது.

மூணாவதைக் கேட்டதும்தான் அவங்களுக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. "ஆம்பளப் புள்ளைய ஊசி பிடிக்கச் சொல்லுதியளே"ன்னாங்க. ரெண்டு ரூபாய்க்கு அலையுறேன்னும் ஒரு வார்த்தை வந்துச்சு. வாசல்ல கிடந்த செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் பேச்சு இல்ல. கடைத்தெருவுல பார்த்தா வெங்காயம் பொறுக்குற மாதிரி குனிஞ்சுக்கிறாங்க. எனக்கு வருத்தம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். நல்ல பழக்கம்.

ஆனா வார்த்தைய மாத்துறதா இல்ல. இனிமே யாராவது பின்னல் கேட்டா முதல்ல கண்ணி எண்ணிக்கை சொல்லப்போறேன், அப்புறம் மணி, அப்புறம் விலை. பொழுதுபோக்காப் பின்னுற, தைக்கிற, கோலம் போடுற, கேக் பண்ற எல்லாரையும் கேட்டுக்கிறேன். பரிசாக் குடுக்கணும்னா மனசாரக் குடுங்க, ஆனா நீங்களாக் குடுங்க. யாராவது வந்து கேட்டா விலை சொல்லுங்க. காசு உங்களுக்கு வேண்டாம்னா, வேணுங்கிற ஒருத்தி பேரைச் சொல்லி அனுப்புங்க. கூச்சமா இருந்தா 25,800ங்கிற எண்ணை ஒருதடவை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. எனக்கு அது வேலை செய்யுது.

டிஸ்கி 1: சிப்பி ஓரம் சரியா வரலைன்னா உங்க கண்ணி எண்ணிக்கைய ஒருதடவை சரிபாருங்க. ஒண்ணு கூடவோ குறைச்சலாவோ இருந்தா கடைசிச் சிப்பி கோணிக்கும்.

டிஸ்கி 2: "அக்கா, எனக்கு ஒரு மப்ளர்"னு கலாய்க்கப் போற சென்னை, பெங்களூர் தம்பிகளுக்கு: 43 கண்ணி, 600 வரிசை. கூலி முன்பணமா :-)